கோட்டூர் மலைக்கு நடந்து

பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலையை நம்மில் பலரும் தேர்தல் செய்தியில்தான் பார்த்திருப்போம். வாக்குப்பதிவு இயந்திரங்களைச் சுமந்துகொண்டு கழுதைகள் மேலே ஏறும் படம். 2021 சட்டமன்றத் தேர்தலிலும் அப்படித்தான். தேர்தல் முடிந்த சில மாதங்களில், அடிவார ஊரிலிருந்து கோட்டூர்வரை அந்தப் பாதையில் நடந்தேன். பெயருக்குத்தான் பாதை. உருளும் கற்கள், மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட பள்ளங்கள். வெறுங்கையோடு போன எனக்கே மூச்சு வாங்கியது. முன்னால் ஒரு அக்கா தலையில் மளிகை மூட்டையோடு பேசிக்கொண்டே ஏறினார்.

இங்கிலாந்தில் இரண்டு கிராமங்களுக்கு நடுவே, வயலுக்குள் போகிற ஒற்றையடிப் பாதைக்குக்கூட சட்டப் பாதுகாப்பு உண்டு. அவற்றை வரைபடத்தில் குறித்துவைக்கச் சொல்லி 1949-ல் சட்டமே வந்தது. நிலம் யாருடையதாக இருந்தாலும் நடப்பவரைத் தடுக்க முடியாது. அக்காவிடம் சொன்னேன்.

"நடக்கறதுக்கா சட்டம் போட்டாங்க?" சிரித்துவிட்டார். "எங்களுக்கு நடக்காம இருக்க ஒண்ணு போடச் சொல்லு தம்பி."

அதுவும் இருக்கிறது, ஒரு மாதிரி. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவுப்படி, கிராம சபை பரிந்துரைத்தால் சாலைக்கு வன நிலம் கொடுக்கலாம். ஆனால் ஒரு பணிக்கு ஒரு ஹெக்டேருக்குள். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது. 5 மீட்டர் அகலச் சாலை என்றால் 2 கிலோமீட்டரிலேயே அந்த ஹெக்டேர் தீர்ந்துவிடும். மலை தீராது.

ஒரு வளைவில் அக்கா மூட்டையை இறக்கி வைத்தார். களைப்பாக்கும் என்று நினைத்தேன்.

"புள்ளத்தாச்சிய தூளி கட்டித் தூக்கிட்டு எறங்கறப்போ இங்கதான் தோள் மாத்துவாங்க," என்றார்.