தாதியர் உண்ணும் தெரு

நியூயோர்க் மாநகரின் கிழக்குப் பகுதியாகிய குயீன்ஸுக்கு ஏழாம் இலக்கப் புகையிரதம் செல்கின்றது. மன்ஹாட்டனில் நிலத்தடியே புறப்படும் அது, ஆற்றைக் கடந்தபின் மேலெழுந்து, இரும்புத் தூண்கள் தாங்கிய பாதையில் மாடிவீட்டுச் சாளரங்களின் உயரத்தில் ஓடும். அப்பாதையின் நிழலிற் கிடப்பதே ரூஸ்வெல்ட் வீதி. 61 ஆம் தெரு நிலையத்தில் இறங்கிக் கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் 70 ஆம் தெருச் சந்தி வரும். 2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அச்சந்தியில் ‘சின்ன மணிலா வீதி’ என்னும் பெயர்ப்பலகை நாட்டப்பட்டது. வூட்சைட் என்று வழங்கும் இவ்விடம் முன்னர் அயர்லாந்துக்காரர் செறிந்து வாழ்ந்த பகுதி. அவர்தம் மதுச்சாலைகள் சில இன்னும் உள. எனினும், தெருவில் மணப்பது பிலிப்பைன் தீவுகளின் சமையலே.

ஐப்பசி மாலையொன்றில், ஒரே கடையில் வயிற்றை நிரப்பிவிடாது கடைதோறும் சிறிது சிறிதாக உண்பது என்று தீர்மானித்து இத்தெருவில் நடந்தோம். மூவராகச் சென்றமையால் ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பங்கிட முடிந்தது. இம்முறையை வாசகர்க்கும் சிபாரிசு செய்கின்றோம்.

நிலையத்தின் அண்மையில் தேனீச் சின்னத்துடன் நிற்பது ஜொலிபீ. மணிலாவிலிருந்து உலகெங்கும் கிளைவிட்ட பெரிய கம்பனியின் கடை இது. இங்கே 2009 இல் திறக்கப்பட்டது. பொரித்த கோழிக்கும் இனிப்பான ஸ்பகெட்டிக்கும் கூட்டம் அலைமோதியது. நாம் தேடி வந்தது சிறு கடைகளை. ஆதலின் வெளியே நின்று பார்த்துவிட்டு மேலே நடந்தோம்.

‘துரோ துரோ’ என்பது அச்சிறு கடைகளுக்கு வழங்கும் பெயர். ‘காட்டு, காட்டு’ என்று பொருள். கண்ணாடிக்குப் பின்னே ஆவி பறக்கும் தட்டங்களிற் கறிகள் இருக்கும். விரலாற் சுட்டியதைச் சோற்றின்மேல் இட்டுத் தருவார்கள். மொழி அறியாதவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. பரிமாறும் பெண்கள் எம்முள் மூத்தவரை ‘குயா’ என்று அழைத்தார்கள். அண்ணன் என்பது அதன் பொருள். அக்காவுக்கு ‘ஆத்தே’. முன்பின் அறியாதவரையும் முறைசொல்லி அழைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கண்டோம்.

வினாகிரி, சோயா சோஸ், உள்ளி, மிளகு இவற்றில் இறைச்சியை வேகவைக்கும் அடோபோ இரண்டு கரண்டி. சினிகாங் ஒரு கோப்பை. சினிகாங் என்பது பழப்புளியிற் காய்ச்சிய சாறு. நம் இரசத்தை எண்ணிக்கொண்டு உறிஞ்சினோம். உறைப்பு இல்லை, தூய புளிப்பு நாவைச் சுண்டியது. கறே-கறே என்னும் கச்சான் சேர்த்த மாட்டுவால் கறிக்கு ஒரு கதை சொல்வார்கள். 1762 இல் ஆங்கிலேயர் சென்னையிலிருந்து கப்பற்படை கொண்டு சென்று மணிலாவைப் பிடித்தனர். 1764 இல் அவர்கள் நீங்கியபோது, உடன் சென்ற இந்தியச் சிப்பாய்களுள் சிலர் கைந்தா என்னும் ஊரில் தங்கிவிட்டனர். இந்தக் கறி அவர்கள் வைத்த கறியிலிருந்து வந்ததாம். சிப்பாய்கள் தங்கியது உண்மை. கறியைப் பற்றிய பேச்சை நாம் நம்பவில்லை. நம்மூர்க் கறியின் சாயல் அதில் இம்மியும் இல்லை.

அடுத்த கடையில் கரியடுப்பின்மேல் இறைச்சிக் குச்சிகள் புகைந்தன. அதற்குத் தொட்டுக்கொள்ளச் சிவப்பான இனிப்புச் சோஸ் ஒன்று வைத்தார்கள். தக்காளியன்று, வாழைப்பழம்! இச்சோஸைச் செய்யும் வழி கண்டவர் என்று போற்றப்படுபவர் மரியா ஒரோசா என்னும் உணவு விஞ்ஞானி. 1945 பெப்ரவரியில் மணிலா நகரே போர்க்களமானபோது குண்டுச் சிதறலுக்கு இலக்காகி அவ்வம்மையார் உயிர் நீத்தார். இன்று அவர் சோஸ் இல்லாத பிலிப்பீனியர் அடுக்களையைக் காண்பது அரிது.

எம்மை நெடுநேரம் இருத்திவிட்டது, மூன்றாவதாக நுழைந்த வெதுப்பகம். வெள்ளை மாவில் அவித்த சிறு பணியாரத்தைச் சுட்டி, “இது யாது?” என்று வினவினோம். “பூத்தோ” என்றார் கடைக்காரி. நாம் ஒருவரையொருவர் பார்த்தோம். அரிசிமா, நீராவி, மேலே துருவிய தேங்காய்! நமது பிட்டே மலாய் மொழி வழியாக இப்பெயரைத் தந்தது என்பர் அறிஞர். ஐயங்கொண்டவர் ‘பூத்தோ பும்போங்’ என்னும் வகையைக் கேட்டு வாங்கி உண்ணலாம். அரிசியை மூங்கிற் குழலில் அடைத்து ஆவியில் அவித்துத் தள்ளி, தேங்காய்ப்பூவும் கருஞ்சர்க்கரையும் தூவித் தருவார்கள். நம் குழற்பிட்டுக்கு ஊதா நிறம் ஊட்டினாற் போன்றது. நத்தார்க் காலத்து உணவு அது. பிலிப்பீனியர்க்கோ நத்தார் புரட்டாதியிலேயே தொடங்கிவிடுகின்றது. நாம் சென்ற அன்றும் கடையில் நத்தார்ப் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது.

அதன் அருகே, கண்ணைப் பறிக்கும் ஊதா நிறத்தில் களி ஒன்று இருந்தது. ‘உபே’ என்றார்கள். ஒரு கரண்டி வாயிலிட்டதும் ஐயம் தீர்ந்தது: யாழ்ப்பாணத்து இராசவள்ளிக்கிழங்கு! நம் வீடுகளில் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் காய்ச்சுவதை, அவர்கள் பாலும் வெண்ணெயும் சேர்த்து இறுகக் கிண்டுகின்றார்கள். அதனையே ஐஸ்கிறீமாக்கி ‘ஹாலோ ஹாலோ’ என்னும் பானத்தின் முடியில் வைக்கின்றார்கள். நொறுக்கிய ஐஸ்கட்டி, அவித்த அவரை, பலாச்சுளை, நுங்கை ஒத்த ஒருவகைப் பனைவிதை, பால், யாவும் ஒரே குவளையில். கலந்தது என்பதே பெயரின் பொருள். எமது கருத்தில், கலக்காமல் மேலிருந்து ஒவ்வொன்றாக உண்பதே சுவை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முகஞ்சுளித்து ஒதுக்கும் கிழங்குக்கு இங்கே இத்தனை மதிப்பு!

பின் ஒரு கோப்பிச்சாலை. பத்தாங்காஸ் மாகாணத்துப் பராக்கோக் கோப்பி கடுமையானது. பால் விடாமல் அரைக் கோப்பை போதும். நம் நாட்டுக் கோப்பித் தோட்டங்களை 1869 இலிருந்து அழித்த இலைத்துரு நோய், இருபது ஆண்டுகளின் பின் பத்தாங்காஸையும் பிடித்தது. நாம் தேயிலைக்கு மாறினோம். அங்கே கோப்பி முற்றாக மறையவில்லை.

அங்கே அமர்ந்திருக்கையில் மாலை ஏழரை மணியாயிற்று. நீலமும் ஊதாவுமான வேலைச் சட்டையோடு பெண்கள் இருவர் மூவராக வரலாயினர். பன்னிரண்டு மணி நேர முறை முடிந்த தாதியர் அவர்கள். இத்தெரு இத்தெருவானதற்குக் காரணமே அவர்கள்தாம். 1898 முதல் 1946 வரை தீவுகளை ஆண்ட அமெரிக்கர், தம் முறையிலேயே அங்கு தாதியர் கல்லூரிகளை அமைத்து ஆங்கிலத்திற் பயிற்றினர். 1948 இல் தொடங்கிய பரிமாற்றத் திட்டத்தின் கீழும், 1965 இன் குடிவரவுச் சட்டத்தின் பின்னர் இன்னும் பெருந்தொகையாகவும் தாதியர் கடல் கடந்தனர். குயீன்ஸின் வைத்தியசாலைகள் அவர்களை ஏற்றன. அவற்றுள் ஒன்றாகிய எல்ம்ஹர்ஸ்ட் வைத்தியசாலை இத்தெருவிலிருந்து நடந்து செல்லும் தூரமே.

2020 மார்ச்சில் அவ்வைத்தியசாலையின் பெயரை உலகம் அறிந்தது. ஒரே நாளில் 13 கொரோனா நோயாளர் அங்கு மடிந்தனர். அமெரிக்கத் தாதியருள் நூற்றுக்கு நால்வரே பிலிப்பீனியர். அவ்வாண்டு செப்டெம்பரில் தாதியர் சங்கமொன்று எடுத்த கணக்கிலோ, அந்நோயால் இறந்த தாதியருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிலிப்பீனியர். அந்நாட்களில் இத்தெருவின் சமையலறைகளிலிருந்து வைத்தியசாலைக்கு உணவுப்பொதிகள் சென்றன.

பக்கத்து மேசையில் இருந்த அம்மையார், தம் பிள்ளைகள் இருவரும் இலோய்லோவில் பாட்டியிடம் வளர்ந்தவர்கள் என்றார். சம்பளம் மாதந்தோறும் போகும். தாம் போவது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. மத்தியகிழக்குக்குப் பிள்ளைகளைப் பிரிந்து சென்ற தாய்மாரை அறிந்த நாட்டினர் நாம். அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2020 ஐப் பற்றி எம்முள் ஒருவர் கேட்டார். அம்மையார் விடை கூறவில்லை. தம் முன்னிருந்த பூத்தோத் தட்டை எம் பக்கம் தள்ளி, “உண்ணுங்கள், ஆறிவிடும்” என்றார்.

வெளியே, பொதி அனுப்பும் கடையொன்றில் ஆளுயரத்தின் பாதிக்கு வரும் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. ‘பலிக்பாயன்’ பெட்டி, அதாவது ஊர் திரும்புவோரின் பெட்டி என்பது பெயர். திரும்புவது பெரும்பாலும் பெட்டி மட்டுமே. சவர்க்காரம், இறைச்சி ரின்கள், சொக்கிலேற், சப்பாத்து என்று மூலைமுடுக்கெல்லாம் திணித்துக் கப்பலில் ஏற்றுவார்கள். சென்றுசேர வாரக்கணக்காகும். நத்தாருக்குள் சேரவேண்டுமென்று அன்று கடையில் அவசரம்.

எட்டு மணிக்குமேல் துரோ துரோக் கடையை மீண்டும் கடந்தோம். தட்டங்கள் பாதி காலியாகியிருந்தன. இரவு முறைக்குப் பிந்திவிட்ட இளந்தாதி ஒருத்தி, கண்ணாடியில் விரலால் அவசர அவசரமாகச் சுட்டிக்கொண்டிருந்தாள். கடைக்காரி சோற்றை அழுத்தி நிரப்பி, கேளாமலே ஒரு கரண்டி அடோபோ கூட இட்டு, பெட்டியை மூடி இறுகக் கட்டினாள். இக்கட்டுச்சோற்றுக்கு அவர்கள் மொழியில் ‘பாஓன்’ என்று பெயர். மேலே வண்டி இரைந்து சென்றமையால் அவள் கூறிய விடை எமக்குக் கேட்கவில்லை.