பாட்டியின் தாளமும் பேத்தியின் கிட்டாரும்

வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மாற்றல் ஆணை என்பது மழையும் வெயிலும் போலப் பழகிப்போன ஒன்று. சாமான்களைக் கட்டுவதற்கும், புதிய ஊரில் வீடு பார்ப்பதற்கும், பள்ளியில் இடம் தேடுவதற்கும் நாம் எல்லோரும் பழகிவிட்டோம். ஆயினும், பாதியில் நின்றுபோகும் ஒரு குழந்தையின் சங்கீதப் பயிற்சியை எந்தப் பெட்டியில் வைத்துக் கட்டுவது என்பது மட்டும் நமக்கு இன்னும் பிடிபடவில்லை. இது குறித்து எங்கள் இல்லத்தில் அண்மையில் நேர்ந்த அனுபவம் ஒன்றை, ஒத்த நிலையில் உள்ள அன்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தால் ஈண்டு எழுத முற்படுகிறோம்.

எங்கள் புதல்விக்கு வயது பன்னிரண்டு. ஏழு ஆண்டுகளில் சென்னை, நாகபுரி, கொல்கத்தா என மூன்று ஊர்களைக் கண்டுவிட்டாள். சென்னையில் சரளி, ஜண்டை வரிசைகளை முடித்துக் கீதம் தொடங்கிய வேளையில் நாகபுரிக்கு மாற்றலாயிற்று. அங்கே அரும்பாடுபட்டுத் தேடிக் கண்ட வீணை ஆசிரியை ஓராண்டு கற்பித்தார். பின்னர் அவர் கணவருக்கும் மாற்றல் வந்துவிட்டது. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் கொல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது வீணையைக் கும்பகோணத்தில் உறவினர் இல்லத்தில் விட்டுவந்தோம். பலாமரக் குடமும் மெழுகில் பதித்த மெட்டுகளும் கொண்ட அந்த வாத்தியம், லாரிப் பயணத்தையும் இவ்வூர்ப் புழுக்கத்தையும் ஒருங்கே தாங்காது என்று அஞ்சினோம்.

இவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் புதல்வியின் பள்ளியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. ஏழாம் வகுப்பு மாணவர்களுக்குக் கிட்டார் வகுப்பு தொடங்கப்படும், எட்டே இடங்கள், மூன்று வாரங்களுக்குப் பின் நடைபெறும் ‘ஆடிஷன்’ என்னும் வாசிப்புத் தேர்வில் தேறியவர்களுக்கே அனுமதி. பெயர் கொடுத்தவர்களோ முப்பதுக்கு மேல். புதிய பள்ளியில் ஒன்பது மாதங்கள் கழிந்தும் எங்கள் குழந்தை இடைவேளையில் தனியே அமர்ந்து உண்கிறாள் என்பதை வகுப்பாசிரியை வாயிலாக அறிந்திருந்தோம். கிட்டார் வகுப்பினர் வாரந்தோறும் காலை வழிபாட்டில் சேர்ந்து வாசிப்பர். அந்த எட்டு நாற்காலிகளில் ஒன்று அவளுக்குக் கிடைக்குமா என்பது எங்களுக்கு வெறும் சங்கீத விஷயமாக இருக்கவில்லை.

எங்களுடன் வாழும் பாட்டியார் முதலில் இதற்கு இசையவில்லை.

“வீணையை ஊரிலே விட்டுவிட்டு வந்தாயிற்று, இப்போது கிட்டார் எதற்கடி கண்ணே?” என்று கேட்டார்.

“வீணை வாத்தியார் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார், பாட்டி. கிட்டார் வாத்தியார் எங்கே போனாலும் கிடைப்பார்” என்றாள் பேத்தி.

பன்னிரண்டு வயதுக் குழந்தை தன் வாழ்க்கையை இவ்வளவு தெளிவாகக் கணக்கிட்டு வைத்திருந்தது கண்டு நாங்கள் வாயடைத்து நின்றோம்.

பாட்டியாரின் தயக்கம் புதியதும் அன்று. அயல்நாட்டு வாத்தியம் எதுவும் நம் சங்கீதத்துள் நுழையும்போது இவ்வினா எழுந்தே வந்திருக்கிறது. இன்று வயலின் இல்லாத கர்நாடக இசைக் கச்சேரி அரிது. அதனை நம் இசைக்கு உரியதாக்கிய முன்னோடி, முத்துசுவாமி தீட்சிதரின் இளவலாகிய பாலுசுவாமி தீட்சிதர். ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் விலக்கி வைத்து, 1971ஆம் ஆண்டில்தான் ஓரளவு தளர்த்தியது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சிறு பிராயத்திலேயே மேடையேறியபோது ஐயுற்றவர்கள், பின்னர் அவர் வாசிப்பைக் கேட்க முன்வரிசையில் அமர்ந்தார்கள். நாம் வாழும் கொல்கத்தாவோ கிட்டாருக்கு நெடுநாளைய உறவு கொண்ட நகரம். 1940களில் ஹவாய் இசைக் கலைஞர் டாவ் மோ இங்குத் தங்கி வாசித்தும் கற்பித்தும் வந்தார். மடிமீது கிடத்தி வாசிக்கும் ஹவாய் கிட்டாரில் ரவீந்திர சங்கீதத்தைக் கேட்டு வளர்ந்த முதியோர் இன்றும் இந்நகரில் பலர் உளர்.

இவற்றையெல்லாம் பாட்டியாரிடம் எடுத்துரைத்தோம். அவர் மறுமொழி கூறவில்லை. “வாத்தியம் எதுவானாலும் சுருதியும் தாளமும் இருக்கவேண்டும்” என்று மட்டும் சொன்னார். அதனையே சம்மதமாகக் கொண்டோம்.

மாடி வீட்டு வங்காளி இளைஞர், கல்லூரி மாணவர், பூஜை விடுமுறை முதற்கொண்டு புதல்விக்குக் கிட்டாரின் முதற்பாடங்களைக் கற்பித்து வந்தார். அண்ணனைக் குறிக்கும் வங்கச் சொல்லால் ‘தாதா’ என்று அவரை அழைப்பாள். அவருடைய கிட்டாரோ பெரியவர்களுக்கு உரியது. மேற்பாலத்திலிருந்து கீழ்ப்பாலம்வரை தந்தியின் நீளம் 65 சென்டிமீட்டர். குழந்தையின் இடக்கை முதல் மெட்டை எட்டுவதற்குள் தோள் உயர்ந்துவிடும். ஆகவே, லால்பஜார் அருகே ரவீந்திர சரணியில் வரிசையாக உள்ள வாத்தியக் கடைகளுக்குச் சென்று, முக்கால் அளவுக் கருவி ஒன்றைப் பழையதாகவே வாங்கினோம். அதன் தந்தி நீளம் 58 சென்டிமீட்டர்.

வாங்கும்போது தாதா செய்த சோதனை ஒன்றைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். தந்தியின் சரிபாதி பன்னிரண்டாம் மெட்டின்மேல் அமையும். அவ்விடத்தில் தந்தியை மெல்லத் தொட்டு மீட்டினால் எழும் நாதமும், அழுத்தி மீட்டினால் எழும் நாதமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மாறுபட்டால், எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் அந்தக் கருவி இசையாது. பளபளப்பான மூன்று கருவிகள் இச்சோதனையில் தோற்றன. கீறல் விழுந்த நான்காவது தேறியது.

உலோகத் தந்தியினும் நைலான் தந்தி குழந்தையின் விரலுக்கு இதமானது. ஆனால் புதிய நைலான் தந்தி சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். காலையில் சேர்த்த சுருதி மாலையில் இறங்கிவிடும். தேர்வுக்கு முதல்நாள் புதுத் தந்தி போடுவது, கல்யாணத்தன்று புதுச் செருப்பு அணிவதற்கு ஒப்பாகும். இரு வாரங்களுக்கு முன்பே தந்திகளை மாற்றிவிட்டோம்.

பயிற்சி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று முறை, முறைக்குப் பதினைந்து நிமிடங்கள் என வகுத்தோம். தொடர்ந்து ஒரு மணி நேரம் அழுத்தினால் இளம் விரல்நுனிகள் கன்றிப்போகும். மறுநாள் தொடவே மனம் வராது. இடக்கை நகங்களை ஒட்ட வெட்டினோம். இடப்பாதத்தை உயர்த்தி வைக்கும் சிறு பலகைக்குப் பதில், பழைய தீபாவளி மலர்களை அடுக்கிக் கட்டி வைத்தோம். அந்தப் பதினைந்து நிமிடமும் வீட்டில் தொலைக்காட்சி இல்லை, கைப்பேசி இல்லை, சமையலறைக் குக்கர்கூடக் காத்திருந்தது.

சுருதி சேர்ப்பதற்குக் கைப்பேசியிலேயே இக்காலத்தில் செயலி உண்டு. ஆனால் முப்பது குழந்தைகள் ஒரே கூடத்தில் மீட்டிக்கொண்டிருக்கும்போது அச்செயலி எந்த நாதத்தைக் கேட்பது என்று அறியாது திகைக்கும். ஆதலின் செவியால் சேர்க்கும் முறையைத் தாதா கற்பித்தார். தடித்த ஆறாம் தந்தியில் ஐந்தாம் மெட்டை அழுத்தினால் அடுத்த தந்தியின் சுருதி கிடைக்கும். இவ்வாறே ஒவ்வொன்றாகச் செல்லலாம். மூன்றாம் தந்தியில் மட்டும் நான்காம் மெட்டை அழுத்த வேண்டும். இவ்விடத்தில்தான் பாட்டியார் முதன்முறையாக நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிருடையை முறுக்கும்போது “இன்னும் கொஞ்சம்... போதும், தாண்டிவிட்டாய், இறக்கு” என்று கண்ணை மூடியபடியே சொல்லலானார். கருவி பார்த்துச் சொல்வதும் அவர் கேட்டுச் சொல்வதும் பெரும்பாலும் ஒத்தன.

ஒருநாள் அவர், “இதிலே காந்தாரம் சற்று மேலே நிற்கிறதே!” என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கிட்டாரில் ஸ்தாயி பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், தம்புராவில் தானே எழும் காந்தாரத்தைவிட அதன் காந்தாரம் ஒரு நூலளவு உயர்ந்தே ஒலிக்கும். இதனை ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்ட தாதா, ஏடின்றி அறிந்த மூதாட்டியை அன்று முதல் மிக்க மரியாதையுடன் நோக்கலானார்.

தேர்வில், வாசிக்க ஓர் உருப்படி, ஒரு ஸ்தாயி ஸ்வரவரிசை, ஆசிரியர் தட்டும் தாளத்தைத் திருப்பித் தட்டுதல் ஆகிய மூன்றும் கேட்கப்படும் என்று அறிவிப்பில் கண்டிருந்தது. மூன்றாவதைப் பாட்டியார் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மாலையில் கீரை ஆய்ந்தபடியே ‘தகதிமி’ என்றும் ‘தகிட’ என்றும் சொல்லித் தொடையில் தட்டுவார். பேத்தி திருப்பித் தட்டுவாள். மேனாட்டார் நான்கடி, மூன்றடி என வகுப்பவற்றை நம் சதுச்ரமும் திச்ரமும் எளிதில் தழுவிக்கொள்ளும் என்பதை அக்குழந்தை சில நாட்களிலேயே உணர்ந்துகொண்டாள்.

உருப்படியைத் தேர்ந்தெடுப்பதில் சிறு விவாதம் எழுந்தது. 1824ஆம் ஆண்டில் வியன்னாவில் முதன்முதல் இசைக்கப்பட்ட பேதோவனின் ஒன்பதாம் சிம்பனியில் வரும் மகிழ்ச்சிப் பாட்டின் மெட்டைத் தாதா பரிந்துரைத்தார். முதல் மூன்று மெட்டுகளுக்குள் அடங்குவது. பெரும்பாலும் அடுத்தடுத்த ஸ்வரங்களிலேயே நடப்பது. பாட்டியார் அதைக் கேட்டுவிட்டு, “சங்கராபரணம்தானே! அப்படியானால் நோட்டுஸ்வரம் வாசிக்கலாமே” என்றார். மணலியிலும் சென்னைக் கோட்டையிலும் ஆங்கிலேயர் வாத்தியக் குழுவினர் இசைத்த மெட்டுகளைக் கேட்டு, முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்கு ஸாஹித்யம் அமைத்தார் என்பர். ஏறத்தாழ நாற்பது எண்ணும் அச்சிறு உருப்படிகள் யாவும் சங்கராபரணத்தில் அமைந்தவை. அவற்றுள் சிலவற்றைப் பாட்டியார் இளமையில் பாடம் செய்திருந்தார்.

முடிவைக் குழந்தையிடமே விட்டோம். “தாதா சொன்னதை நிற்காமல் முழுதும் வாசிப்பேன். பாட்டியுடையது இன்னும் இரண்டு இடத்தில் நிற்கிறது” என்றாள். ஆகவே முன்னதே முடிவாயிற்று. தேர்வுக்கு ஆயத்தமாகும் குழந்தைகளுக்கு இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை என்று கருதுகிறோம். தடுமாறி வாசிக்கும் அரிய உருப்படியைக் காட்டிலும் இடையில் அறுபடாத எளிய உருப்படி மேலானது. தவறிய ஸ்வரத்துக்குத் திரும்பிச் செல்லாமல் தாளத்தோடு முன்னே செல்லும் பழக்கத்தைத்தான் கடைசி ஐந்து நாட்களும் பயின்றாள்.

தேர்வன்று நாங்கள் கூடத்திற்கு வெளியே நின்றோம். அவள் வாசிப்பு அரை நிமிடத்திலேயே நிறுத்தப்பட்டபோது எங்கள் மனம் பதைத்தது. பின்னர் கைதட்டும் ஒலி கேட்டது. நீண்ட தாளம் ஒன்று வந்தது. அதுவும் பிழையின்றித் திரும்பியது. “வேறு ஏதாவது தெரியுமா?” என்று ஆசிரியர் வினவினார். சிறிது மௌனம். அதன்பின் திச்ர நடையில் ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்னும் நோட்டுஸ்வரத்தின் மெட்டு மெல்லக் கேட்டது. இங்கிலாந்தின் அரச வாழ்த்துப் பாடலின் மெட்டும் அதுவே ஆதலின் ஆசிரியர் நகைத்துவிட்டு, இதனை எங்கே கற்றாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். “என் பாட்டியிடம்” என்றாள். இரண்டு இடங்களில் நின்றதா, இல்லையா என்பதை அவள் எங்களிடம் கூறவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து வெளியான பட்டியலில் அவள் பெயர் ஏழாவதாக இருந்தது. விரைந்து வாசித்த சில குழந்தைகளின் பெயர்கள் அதில் இல்லை. முன்பே வாசிக்கத் தெரிந்தவர்களை அன்றி, கேட்டுக் கற்கக்கூடியவர்களையே தேடினோம் என்று ஆசிரியர் பின்னர் பெற்றோர் கூட்டத்தில் விளக்கினார்.

வெளியூர்களில் வாழும் நாம், பிள்ளைகளுக்கு நம் சங்கீதத்தைக் கொடுக்க இயலவில்லையே என்று அடிக்கடி வருந்துகிறோம். ஆசிரியர் கிடைக்காமையும் வாத்தியத்தைக் கொண்டுவர இயலாமையும் மெய்யான இடர்களே. ஆனால் வீட்டில் ஒரு பெரியவர் இருந்து, அவருக்குச் சுருதி தெரிந்து, தாளம் தெரிந்திருந்தால், அது வாத்தியத்தைப் போல ஊரில் தங்கிவிடுவதில்லை. குழந்தை எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் அதற்குப் பயன்படும். வேண்டுவதெல்லாம், அந்தப் பெரியவரின் நாற்காலியைக் குழந்தையின் அருகே போடுவதுதான். பேத்தி தெரிந்தெடுத்த வாத்தியம் தமக்கு அயலானது என்று பாட்டியார் விலகியிருந்தால், அவளுக்குக் கிட்டாரும் வந்திராது, நோட்டுஸ்வரமும் வந்திராது.

இன்னும் இரண்டு ஆண்டுகளில் எங்களுக்கு அடுத்த மாற்றல் வரக்கூடும். கிட்டாரின் எடை ஒன்றரைக் கிலோ. ரயிலில் மேல் பலகையில் வைத்துவிடலாம். இப்போது புதல்வி இடைவேளையில் தனியே உண்பதில்லை. சனிக்கிழமைகளில் வகுப்புத் தோழியர் இருவர் கிட்டாருடன் எங்கள் இல்லம் வருகின்றனர். கீரையை ஆய்ந்தபடியே பாட்டியார் அவர்களுக்கும் தாளம் போட்டுக்கொடுக்கிறார். அவர் சொல்வது அவர்களுக்குப் புரிகிறதா என்று கேட்டோம். “தகதிமிக்கு என்ன பாஷை வேண்டும்?” என்றார்.