புல் நட ஓர் இடம்

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் பால் வாங்குவோர் அதன் பின்னால் நிற்கும் புல்லை நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஆனால், கிள்ளான் வட்டாரத்தில் இன்றும் மாடு வளர்க்கும் தமிழருக்குக் காலையில் எழும் முதல் நினைவே புல்தான்.

தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டித் திரும்பியபின், அரிவாளும் சாக்குமாகப் புல்லறுக்கப் போவது பல குடும்பங்களின் இரண்டாவது வேலையாக இருந்தது. அன்று இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றல்களை இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் ‘உள்நாட்டு இந்தியப் பால்மாடு’ என்றே குறிப்பிடுகின்றனர். கடல் கடந்து வந்தவர்கள் மனிதர் மட்டும் அல்லர்!

வேடிக்கை என்னவெனில், உயர்ந்த தீவனம் அவர்களின் காலடியிலேயே படர்ந்து கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரப்பர் மரங்களுக்கிடையே ஒரு புல்லும் இல்லாமல் சுரண்டி வைப்பதே ஒழுங்கு எனத் தோட்டத்தார் கருதினர். மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போனபின் அம்முறை கைவிடப்பட்டது. பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் என்னும் அவரையினக் கொடிகள் மூடுபயிராக விதைக்கப்பட்டன. இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கித் தருகின்றன. முதல் இரண்டு கொடிகளையும் மாடு விரும்பித் தின்னும். இலையெல்லாம் மயிர் நிறைந்த கலப்பகோனியத்தை முகர்ந்துவிட்டு ஒதுங்கும். எனினும், கொடி போடப்பட்டது மரத்திற்காக, மாட்டிற்காக அன்று. மரங்கள் கிளை கோத்து நிழல் அடர்ந்ததும் கொடிகளும் மெலிந்து மறையும்.

தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட இந்நாளில், மாடு வைத்திருப்பவர் தாமே புல் நட வேண்டியவராகிறார். எதை நடுவது?

நிலம் மேடாகவும் சாணம் நிறையவும் இருந்தால் நேப்பியர் புல்லுக்கு இணை இல்லை. இரண்டு மூன்று கணுக்கள் கொண்ட கரணையைச் சாய்த்து, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி ஊன்றினால் போதும். ஏறத்தாழ பத்து வாரங்களில் முதல் அறுப்புக்கு வரும். பின்னர் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அறுக்கலாம். ஆள் உயரத்திற்கு மேல் வளரட்டும் என்று காத்திருப்பது பேராசை. கட்டு பெரிதாகும், சத்துக் குறைந்து தண்டு மட்டுமே மிஞ்சும். ஓரளவு நிழல் விழும் இடத்தில் கினிப்புல்லின் தூர்களைப் பிரித்து நடுவது நன்று. கிள்ளான் கரையோரத் தாழ்நிலத்தில் நீர் தேங்கினால் நேப்பியர் அழுகும். அங்கே பாராப்புல்தான் தாங்கும். சிக்னல் புல் மாட்டுக்கு ஏற்றது. ஆனால், அதையே மேயும் செம்மறியாட்டின் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் புண்ணாகும். வெள்ளாட்டுக்கும் இக்கேடு உண்டு. மாட்டோடு ஆடும் வைத்திருப்பவர் இதை மறக்கலாகாது.

புல் வயிற்றை நிரப்பும். பால் சுரக்கப் புரதம் வேண்டும். அதற்கே அவரையினம். வேலியோரம் பெத்தாய் பெலாலாங், அதாவது தமிழகத்தார் சூபாபுல் என்னும் மரம், நல்ல துணையாகும். எனினும் இந்நாட்டின் புளித்த மண்ணில் அது சோம்பி வளரும்; சுண்ணாம்பு இட்டுத் தேற்ற வேண்டும். அதன் இலையில் மிமோசின் என்னும் நச்சுப்பொருள் இருப்பதால் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இவை யாவும் மாட்டுக்காரர் அறிந்தவையே. அவரைத் தயங்க வைப்பது மண் அன்று. அந்த மண் யாருடையது என்பதே. ஆற்றோரம், மின்கம்பிகளின் அடிநிலம், கட்டடம் எழும்வரை சும்மா கிடக்கும் மனை ஆகியவற்றில்தான் அவருக்கு இடம் கிடைக்கிறது. வேரூன்ற ஓராண்டு கேட்கும் மரத்தை, அடுத்த மாதமே காலி செய்யச் சொல்லக்கூடிய நிலத்தில் எந்த நம்பிக்கையோடு நடுவது? ஆகவே சூபாபுல்லை விட்டுவிட்டு, மீண்டும் நேப்பியரையே நடுகிறார். பால் குறைவு என்று வாங்குவோர் முகம் சுளிக்கும்போது, மாட்டைத்தான் குறை சொல்கின்றனர்.

வெளியேறும் நாள் வந்தால் மாடுகள் முன்னே நடக்கும். லாரியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு, ஈரச் சாக்கில் சுற்றிய நேப்பியர் கரணைக் கட்டு ஒன்றும் ஏறும். இறங்கும் இடத்தில் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே அது மண்ணில் ஊன்றப்படும்.