கோதுமையும் பியரும் கசிப்பும்

கோதுமை என்றதும் மலையகத்தில் பிறந்த எவருக்கும் நினைவில் எழுவது ரொட்டிதான். விடியலில் சுட்டு, மிளகாய்ச் சம்பலை உள்ளே வைத்து மடித்து, கொழுந்து மலைக்குக் கொண்டுபோகும் அந்தத் தடித்த ரொட்டி. கோதுமை நம் நாட்டுப் பயிரன்று. கப்பலில் வந்து மாவாகி லயங்களைச் சேர்ந்தது. 1973, 74ஆம் ஆண்டுகளில் அந்த மாவும் அரிதாகிப் போனபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. நான் அப்போது சிறு குழந்தை. பதுளைக்கு அண்மையிலிருந்த எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுத்த என் தாயாருக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

அண்மையில் லண்டனிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசியில் பேசினான். “மாமா, கோதுமையில் பியர் போட்டிருக்கிறேன். முதல் தடவை” என்றான். குரலில் பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையின் பரபரப்பு.

செய்முறையை விரிவாகவே விளக்கினான். இருபது லீற்றருக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ தானியம். பாதி முளைகட்டி உலர்த்திய கோதுமை, பாதி அவ்வாறே பதப்படுத்திய பார்லி. கோதுமைக்கு உமி இல்லாததால், அது மட்டும் என்றால் கூழாகிச் சாறு வடியாதாம். பார்லியின் உமியே வடிகட்டியாக உதவுகிறது. உடைத்த தானியத்தைக் கொதிநிலைக்குக் கீழே, 65 பாகை அளவிலான வெந்நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்தால் மாச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. சாற்றை வடித்து, ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவைச் சிறிதளவு இட்டுக் கொதிக்க வைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். இரண்டாம் நாள் இரவு நுரை பொங்கி, மூடியில் செருகிய குழாய் வழியே சமையலறைத் தரையெல்லாம் வழிந்தது. பயந்துபோனான். கோதுமையில் புரதம் மிகுதி; அது பொங்கத்தான் செய்யும் என்று பின்னர் அறிந்துகொண்டான். இரண்டு வாரம் கழித்துப் போத்தலில் அடைத்து, மேலும் இரண்டு வாரம் காத்திருந்து திறந்தபோது வாழைப்பழமும் கராம்பும் மணந்தனவாம். இரண்டில் எதையும் அவன் சேர்க்கவில்லை. அந்த மணங்கள் ஈஸ்டின் வேலை.

கேட்டுக்கொண்டிருந்த தாயார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அதுக்கு எவ்வளவு கோதுமை போச்சு?”

“இரண்டரைக் கிலோ, அம்மாயி.”

“ஒரு கிழமை ரொட்டி” என்றார். கோபமில்லை; கணக்குத்தான்.

உணவுத் தானியத்தைக் குடிக்கு விடலாமா என்பது உலகறிந்த பழைய கேள்வி. ஜெர்மனியின் பவேரியாவில் 1516ஆம் ஆண்டுச் சட்டம் பியருக்குப் பார்லி, ஹொப்ஸ், நீர் ஆகியவற்றை மட்டுமே அனுமதித்தது. கோதுமை பாணுக்கு வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. ஆனால் 1602இல் கோதுமை பியர் காய்ச்சும் உரிமையை ஆட்சியாளரே தம் வசமாக்கிக்கொண்டார். 1798 வரை அந்த ஏகபோகம் நீடித்தது. குடிமக்களுக்கு ஆகாதது கோமகனின் கருவூலத்துக்கு ஆகிற்று.

முளைவிட்ட தானியத்தில் மது சமைப்பது நமக்கும் புதிதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் அதைச் செய்யும் முறையைச் சொல்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, முளையரிசி மாவைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். சுட்ட மீனோடு அதை வழிப்போக்கரான பாணருக்கு விருந்தாக அளிக்கிறார்கள். அங்கே ஒளிவு மறைவு எதுவுமில்லை.

நம் மலைகளிலும் ஒளிக்காமல் காய்ச்சியவர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர் அங்கேயே பியர் காய்ச்சினார். 1881இல் அந்நகரில் பியர் ஆலையே எழுந்தது. காடழித்துத் தேயிலை நட்டவர்களுக்கோ சாராயத் தவறணை மட்டுமே கிடைத்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைக் குற்றமாக்கியது. திருத்தங்களோடு அச்சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டுத் தேவைக்குப் பியர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. என் மருமகன் லண்டனில் செய்ததைப் பசறையிலோ ஹாலி எலயிலோ செய்திருந்தால் நீதிமன்றப் படியேற நேர்ந்திருக்கும்.

கசிப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது குடித்த குடல்களையும் அழித்த குடும்பங்களையும் முப்பது ஆண்டுகளாகச் செய்தியாக எழுதி வருபவன் நான். சம்பள நாளன்று லயத்து வாசலில் பிள்ளைகளோடு நிற்கும் பெண்களைப் பார்த்தவன் குடியைப் புகழ மாட்டான். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நல்ல பியருக்கு வேண்டியது பொறுமை. ஒரு மாதம் காத்திருக்க அவனுக்குச் சொந்த வீடும், பூட்டிய கதவும், பயமற்ற மனமும் இருந்தன. ஓடையோரப் புதரில் சீனியையும் ஈஸ்டையும் புளிக்கவைத்து வடிப்பவனுக்கு அவற்றுள் எதுவுமில்லை. பொலிஸ் வருமுன் முடித்தாக வேண்டும். அதில் என்ன கலந்தது என்று குடிப்பவனுக்கும் தெரியாது.

ஒவ்வொரு சுற்றிவளைப்பின் பின்னரும் பீப்பாய்களின் படம் பத்திரிகைக்கு வருகிறது. நாமும் பிரசுரிக்கிறோம். எட்டு மணிநேரம் மலையேறி இறங்கியவன் மாலையில் போவதற்கு அந்தத் தோட்டத்தில் வேறென்ன இருந்தது என்று படத்தின் கீழே எவரும் எழுதுவதில்லை. அடுத்த படம் வரும்போது அந்தக் கேள்வியையும் சேர்த்து எழுத எண்ணியிருக்கிறேன்.