நான்காம் நாளின் இரவு

போட்டிக்குச் செல்லும் வீரனை ஆவேசங்கொள்ளச் செய்வதே பயிற்றுநரின் தலையாய பணி என்னும் எண்ணம் பரவலாக உண்டு. குறுந்தூர ஓட்டத்துக்கும் பாரந்தூக்கலுக்கும் அஃது ஓரளவு பொருந்தலாம். இரண்டு நாட்கள் துடுப்புடன் நிற்க வேண்டியவனுக்கோ அதனினும் தீய அறிவுரை வேறில்லை. கொழும்பு மாளிகாவத்தையில், 1986 இல் கெத்தாராம விளையாட்டரங்கு என்ற பெயருடன் திறக்கப்பட்டு, இன்று ஆர். பிரேமதாச விளையாட்டரங்கு என வழங்கும் களத்தில், 1997 ஆகஸ்டில் இலங்கையும் இந்தியாவும் ஆடிய டெஸ்ட் போட்டி இதற்குத் தக்க சான்றாகும்.

ஆபத்தையோ போட்டியையோ எதிர்கொள்ளும் கணத்தில், சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அதிரினலின் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கின்றது, ஈரலிற் சேமித்த வெல்லம் குருதிக்கு வருகின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது. தொல்காப்பியர் அச்சம், பெருமிதம், வெகுளி என மெய்ப்பாடுகளைத் தனித்தனியே வகுத்தார். உடலோ அத்துணை நுண்ணிய இலக்கணம் அறியாதது. அஞ்சியவனுக்கும் சினந்தவனுக்கும் ஏறக்குறைய ஒரே துடிப்பையே அது வழங்குகின்றது. 1908 இல் யேர்க்ஸ், டொட்சன் என்னும் இருவர் எலிகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வு, கடினமான பணியைக் கற்பதற்கு மிதமான தூண்டலே உகந்தது எனக் காட்டிற்று. எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுவதில் எச்சரிக்கை வேண்டும். ஆயினும், பதற்றத்தால் துடுப்பை இறுகப் பற்றியவன் எளிய பந்தையும் தவறவிடுவதை எந்தப் பாடசாலை மைதானத்திலும் காணலாம்.

அப்போட்டியில் இந்தியா 8 விக்கெட்டுகளுக்கு 537 ஓட்டங்களுடன் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டது. இலங்கை 39 ஓட்டங்களைப் பெற்றிருந்தபோது, டெஸ்ட் அரங்கில் தாம் வீசிய முதற் பந்திலேயே நிலேஷ் குல்கர்னி, மார்வன் அத்தபத்துவை ஆட்டமிழக்கச் செய்தார். அவ்வின்னிங்சில் அவருக்கு வேறு விக்கெட் கிட்டவேயில்லை. சனத் ஜயசூரியவும் ரொஷான் மஹாநாமவும் இணைந்து 576 ஓட்டங்களைக் குவித்தனர்.

ஜயசூரிய 799 நிமிடங்கள் களத்தில் நின்று 578 பந்துகளை எதிர்கொண்டார். ஒரு பந்துக்குப் பத்து விநாடி முழுக்கவனம் வேண்டுமெனக் கொண்டாலும், மொத்தம் நூறு நிமிடங்களைத் தாண்டாது. எஞ்சிய ஏறத்தாழ எழுநூறு நிமிடங்களில் துடுப்பாட்டக்காரன் செய்யவேண்டியது யாது? மூண்ட கனலை அவித்தலே. குருதியிற் கலந்த அதிரினலின் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். அதனை மீண்டும் மீண்டும் சுரக்கச் செய்வது எண்ணமே. கையுறையைக் கழற்றி மாட்டுதல், ஆடுகளத்தைத் துடுப்பினால் தட்டுதல், எதிர்முனையிலுள்ளவருடன் இரண்டு வார்த்தை பேசுதல் முதலியன பார்ப்போருக்கு வீண் தாமதமாகத் தோன்றும். அவ்விடைவெளியில்தான் அடுத்த பந்துக்கான ஆற்றல் சேமிக்கப்படுகின்றது.

நான்காம் நாள் முடிவில் ஜயசூரிய 326 ஓட்டங்களுடன் ஆட்டமிழக்காதிருந்தார். 1994 இல் பிரையன் லாரா பெற்ற 375 ஐக் கடக்க ஐம்பது ஓட்டங்களே தேவைப்பட்டன. முந்நூறு கடந்தவருக்கு ஐம்பது பெரிதா என வினவலாம். களத்தில், பந்து முடிந்ததும் அதன் பதற்றமும் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. இரவுக்கோ பந்து இல்லை. ஒரு நாடே எதிர்பார்த்திருக்கையில், உடல் திரட்டும் வலுவைச் செலவிட அங்கு வழியில்லை.

ஐந்தாம் நாள், மொத்த ஓட்டம் 615 ஆக இருந்தபோது மஹாநாம 225 ஓட்டங்களுடன் கும்ப்ளேயின் பந்தில் ஆட்டமிழந்தார். அதே 615 இல் ஜயசூரிய, சௌகானின் பந்தில் கங்குலியிடம் பிடிகொடுத்து 340 உடன் வெளியேறினார். முந்திய இரவே இதற்குக் காரணம் எனத் தீர்ப்புரைத்தல் நேர்மையன்று. நல்ல சுழற்பந்து எவரையும் ஏமாற்றும். ஆயினும் இருவரும் ஒரே மொத்தத்தில் வீழ்ந்தமை சிந்திக்கத்தக்கது. நெடுநேரம் இணைந்து ஆடியோர் ஒருவர் அமைதியை மற்றவர் பகிர்ந்துகொள்வர் போலும்.

இலங்கை 6 விக்கெட்டுகளுக்கு 952 ஓட்டங்களைப் பெற்றது. போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. புகழெல்லாம் அவ்விருவரையே சேர்ந்தமை இயல்பே. ஆனால் அடுத்து ஆடவிருந்த அரவிந்த டி சில்வா, மூன்றாம் நாளும் நான்காம் நாளும் முழுவதும் காத்திருந்தார். ஒவ்வொரு பந்திலும் தம் முறை வரக்கூடும் என்ற நிலையிலேயே காத்திருந்தார். ஐந்தாம் நாள் களம் புகுந்து 126 ஓட்டங்களைப் பெற்றார்.