மணற்கடலைக் கடந்தவர்கள்

பாலைவனம் என்றதும் நம் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது ஹிஜாஸ் பூமிதான். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் சொல்லக் கேட்டும், நபிமார்களின் வரலாறுகளைப் படித்தும் அந்த மணலும் வெயிலும் நமக்குப் பழகிப் போயின. ஆனால் உலகின் வெப்பப் பாலைவனங்களுள் மிகப் பெரியது அங்கில்லை. செங்கடலிலிருந்து அத்திலாந்திக் சமுத்திரம் வரை, ஆபிரிக்காவின் வடபகுதியை மூடிக் கிடக்கும் ஸஹாராவே அது. அதன் பரப்பு சுமார் 90 இலட்சம் சதுர கிலோமீற்றர். நம் இலங்கையைப் போல நூற்று முப்பது நாடுகளை அதற்குள் அடக்கி விடலாம். 'ஸஹ்ரா' என்றால் அரபியில் பாலைவனம். அதன் பன்மையே 'ஸஹாரா'.

வாவியும் வயலும் கடலும் சூழ்ந்த ஏறாவூரில் வாழும் நமக்கு, சில முழம் தோண்டினாலே கிணற்றில் நீர் ஊறும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் புன்னைக்குடாக் கடற்கரை மணலில் நண்பகல் வேளை செருப்பின்றி நூறு யார் நடந்து பார்த்தவர்களுக்கு, சுடுமணல் என்றால் என்னவென்று கொஞ்சம் தெரியும். அந்தச் சூட்டில், முதுகில் மூட்டையுடன், ஒரு வாரத்தில் 250 கிலோமீற்றரை ஓடிக் கடக்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா? அதிலும், உடல் சிதைந்து மரணத்தின் வாசல் வரை போனவர்கள் மீண்டும் எழுந்து வந்து ஓடுகிறார்கள்.

இப்னு பதூதா போன வழி

மொரோக்கோ நாட்டின் தென்கிழக்கில், அட்லஸ் மலைகளைத் தாண்டியதும் பூமியின் நிறமே மாறி விடுகிறது. திரா ஆற்றின் இரு கரைகளிலும் பேரீச்சந் தோப்புகள். அவற்றை விட்டு விலகினால் கருங்கற்கள் பரந்த வெட்டவெளி. அதனை 'ஹமாதா' என்பர். ஸஹாரா முழுவதும் மணல்தான் என்று நினைப்பது தவறு. அதில் பெரும்பகுதி கல்லும் சரளையும்தான். மணல் மேடுகள் ஓரோர் இடத்தில் கடல் அலைகளைப் போலக் குவிந்து கிடக்கும். மெர்ஸூகா என்ற ஊருக்கருகே அவை ஏறத்தாழ 150 மீற்றர் உயரம் வரை எழுகின்றன.

இங்குள்ள தாபிலால்த் பிரதேசத்தில் ஸிஜில்மாஸா என்றொரு வணிக நகரம் இருந்தது. இன்று அது வெறும் இடிபாடு. நம் நாட்டுக்கு 1344இல் வந்து, புத்தளத்தில் இறங்கி, பாவா ஆதம் மலையில் ஏறிய அதே இப்னு பதூதா, 1352இல் இந்த ஸிஜில்மாஸாவிலிருந்துதான் ஒட்டக வணிகர்களுடன் மாலி தேசம் புறப்பட்டார். 25 நாட்கள் நடந்து தகாஸா என்ற உப்புச் சுரங்க ஊரை அடைந்ததையும், அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்ததையும் அவர் விவரிக்கிறார்.

அந்தப் பயணத்தில் நடந்த இரு செய்திகளை இங்கே குறிப்பிட வேண்டும். கூட்டத்தில் வந்த இப்னு ஸீரி என்பவர் தம் உறவினருடன் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டு பின்தங்கினார். பிறகு அவரைக் காணவேயில்லை. அன்று முதல் தாம் கூட்டத்தை விட்டு முந்தவுமில்லை, பிந்தவுமில்லை என்கிறார் இப்னு பதூதா. மற்றது, அவர்களுக்கு வழி காட்டியவரைப் பற்றியது. அவருக்கு ஒரு கண் இல்லை. மறு கண்ணும் நோயுற்றது. ஆனால் அந்தப் பாலைவனத்தின் பாதையை அவரைப் போல அறிந்தவர் வேறொருவருமில்லையாம்!

பாலைவனத்து ஓட்டம்

இந்த மொரோக்கோப் பாலைவனத்தில்தான் 'மரதோன் தே ஸாப்ல்' எனப்படும் மணல் மரதன் ஓட்டம் நடைபெற்று வருகிறது. பத்ரிக் பவர் என்ற பிரெஞ்சுக்காரர் 1984இல் அல்ஜீரிய ஸஹாராவில் சுமார் 350 கிலோமீற்றர் தூரத்தை 12 நாட்களில் தனியே நடந்து முடித்தார். அந்த அனுபவமே இந்த ஓட்டத்துக்கு வித்தாகியது. 1986இல் நடந்த முதல் ஓட்டத்தில் 23 பேரே பங்குபற்றினர். பிற்காலத்தில் அத்தொகை ஆயிரத்தைத் தாண்டியது.

ஓட்டத்தின் விதிகள் கடுமையானவை. உணவு, படுக்கைப் பை, கத்தி, திசைகாட்டி, விசில், சமிக்ஞைக் கண்ணாடி, விஷமுறிஞ்சி எல்லாவற்றையும் ஓடுபவரே சுமக்க வேண்டும். தண்ணீர் அளந்துதான் கொடுக்கப்பட்டு வந்தது. இரவில் கறுப்புக் கூடாரத்தின் கீழ் எட்டுப் பேர் வரை படுப்பார்கள். பகலில் வெப்பம் 50 பாகையை எட்டுவதுண்டு. இரவிலோ குளிர் நடுக்கும். நடுவில் வரும் நீண்ட கட்டம் ஏறத்தாழ 80 கிலோமீற்றர். நாம் ஏறாவூரிலிருந்து ஓட்டமாவடி, வாழைச்சேனை, வெலிக்கந்தை வழியாகப் பொலன்னறுவைக்கு பஸ்ஸில் போகும் தூரம் எனலாம்.

வெயிலில் ஓடும்போது உடல் தன்னைக் குளிர்விக்க வியர்வையைக் கொட்டும். வியர்வையோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரும். தண்ணீரும் இல்லாவிட்டால் இரத்தம் தடித்து, சிறுநீரகமும் ஈரலும் பழுதுபடும். இதனால்தான் ஓடுபவர்களுக்கு உப்பு வில்லைகளும் வழங்கப்படுகின்றன. இந்த ஓட்டத்தில் உயிரிழந்தவர்களும் உண்டு. ஆனால் இந்த மண்ணிலேயே பிறந்தவர்களுக்கு அது வேறு விதம். ஸாகோரா ஊரைச் சேர்ந்த அஹன்ஸால் சகோதரர்களுள் லஹ்ஸன் 10 முறையும், அவர் தம்பி முஹம்மத் 5 முறையும் முதலிடம் பெற்றிருக்கிறார்கள்.

வழி தவறியவர்

1994இல் இத்தாலியிலிருந்து மௌரோ ப்ரொஸ்பெரி என்ற பொலிஸ்காரர் இந்த ஓட்டத்துக்கு வந்தார். வயது 39. மனைவியும் சிறு பிள்ளைகளும் உள்ள குடும்பஸ்தர். நீண்ட கட்டத்தின்போது பெரும் மணற்புயல் எழுந்தது. அது பல மணி நேரம் அடித்து ஓய்ந்தபோது, முன்னாலும் பின்னாலும் ஒருவருமில்லை. பாதையின் அடையாளமும் இல்லை. போத்தலில் கொஞ்சம் நீரே மிஞ்சியிருந்தது.

மறுநாள் தலைக்கு மேலே ஒரு ஹெலிகொப்டர் பறந்தது. அவர் சமிக்ஞை வெடியை விட்டும் விமானி காணவில்லை. மேலும் நடந்து, பாழடைந்த ஒரு ஸியாரத்தை அடைந்தார். யாரோ ஒரு பெரியார் அடங்கப்பட்ட இடம். ஆளில்லை; கூரையில் வௌவால்கள் மட்டும் தொங்கின. அவற்றைப் பிடித்து, இரத்தத்தைக் குடித்து உயிரைத் தக்க வைத்துக் கொண்டார். உயிர் போகும் நிர்ப்பந்தம், விலக்கப்பட்டதையும் தேவையின் அளவுக்கு ஆகுமாக்கி விடும் என்று நம் சட்ட நூல்களில் நாங்கள் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். அந்த விதி எத்தகைய இடத்துக்காக வகுக்கப்பட்டது என்பது இந்த மனிதரின் கதையைக் கேட்கும்போது விளங்குகிறது.

ஒரு விமானமும் வந்து அவரைக் காணாமலே திரும்பிப் போனது. அத்துடன் அவர் நம்பிக்கை அறுந்தது. அப்போது அவர் நினைத்தது தம் மனைவியைப் பற்றித்தான் என்று பின்னாளில் சொன்னார். காணாமற் போனவர் இறந்ததாகக் கருதப்பட அவர் நாட்டில் பத்து வருடம் காத்திருக்க வேண்டும். இந்தக் கட்டடத்துக்குள் இறந்தாலாவது உடல் கண்டெடுக்கப்படும், மனைவிக்கு ஓய்வூதியம் கிடைக்கும் என்று அவர் எண்ணினார். மனைவிக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்து, உயிரை மாய்த்துக் கொள்ளவும் முயன்றார். ஆனால் உயிர் பிரியவில்லை. விடிந்ததும், தமக்கு இன்னும் தவணை இருக்கிறது என்று விளங்கிக் கொண்டு எழுந்து நடந்தார்.

தூரத்து அடிவானில் விடியற்காலை தெரியும் மேகத்தை நோக்கி நட என்பது பாலைவன மக்கள் சொல்லிய அறிவுரை. அதன்படி காலையிலும் மாலையிலும் நடந்தார். உச்சி வெயிலில் நிழலில் ஒதுங்கினார். கடைசியில் சிறிதளவு நீர் தேங்கிய இடமொன்றை அடைந்து, சொட்டுச் சொட்டாகக் குடித்தார். அதன்பின் ஆட்டுப் புழுக்கையும் காலடிகளும் கண்ணில் பட்டன. ஆடு மேய்த்த சிறுமி ஒருத்தி அவரைக் கண்டு பயந்து கூடாரத்துக்கு ஓடினாள்.

சகோதரிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அந்தக் கூடாரங்களில் அப்போது ஆண்கள் இருக்கவில்லை. சந்தைக்குப் போயிருந்தார்கள். எலும்பும் தோலுமாய், பார்க்கவே பயங்கரமாய் வந்து நின்ற அந்நிய ஆணைப் பெண்கள் விரட்டவில்லை. கூடாரத்துக்குள் எடுக்கவுமில்லை. வெளியே நிழலில் கம்பளம் விரித்துப் படுக்க வைத்தார்கள். ஒரு மூதாட்டி ஆட்டுப்பால் கொண்டு வந்து புகட்டினார். பிறகு பொலிஸுக்கு ஆளனுப்பினார்கள். தங்கள் ஒழுக்கத்தையும் விடாமல் ஓர் உயிரையும் விடாமல் காத்த அந்தப் பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது எந்தக் கல்லூரி?

அவர் வந்து சேர்ந்திருந்த இடம் அல்ஜீரியா! பாதையிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர் அப்பால். திந்தூப் நகர மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது உடல் எடையில் 16 கிலோ குறைந்திருந்தது. ஈரல் பழுதுபட்டிருந்தது. பல மாதங்கள் கஞ்சி போன்ற நீராகாரம் மட்டுமே. முழுதாகத் தேறுவதற்கு இரண்டு வருடம் வரை சென்றது. ஆயினும் 1998இல் அதே ஓட்டத்துக்கு மீண்டும் வந்தார். காலில் அடிபட்டதால் முடிக்க இயலவில்லை. 2012இல் திரும்பவும் வந்து, விட்ட ஓட்டத்தை முடித்தார்.

ஒற்றைக் காலுடன்

இன்னொருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கிறிஸ் மூன். நிலக்கண்ணி அகற்றும் வேலைக்குப் போனவர். 1995இல் மொஸாம்பிக்கில் கண்ணி வெடித்து, வலது கையையும் வலது காலின் கீழ்ப்பகுதியையும் இழந்தார். ஒரு வருடத்துக்குள் செயற்கைக் காலுடன் லண்டன் மரதன் ஓடினார். அதன்பின் ஸஹாராவுக்கும் சென்று இந்த 250 கிலோமீற்றரை ஓடி முடித்தார். வெயிலில் செயற்கைக் காலின் குழிக்குள் வியர்வை தேங்கும், மணல் புகும், வெட்டுப்பட்ட இடம் புண்ணாகும். அந்த வேதனையோடு ஓடிய ஓட்டம் அது.

நிலக்கண்ணி என்ற சொல் நமக்குப் புதியதன்று. நம் மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிகள் அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டதே 2017இல்தான். விறகுக்கும் வயலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் போய்க் காலை இழந்து வந்தவர்களை இந்த நாட்டின் வடக்கும் கிழக்கும் நிறையக் கண்டிருக்கின்றன. அவர்களுள் பலரை மீண்டும் நடக்க வைத்தது 'ஜெய்ப்பூர் கால்'. 1968 அளவில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தி முதலிய மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கியது. மேல்நாட்டுச் செயற்கைக் கால், சப்பாத்துப் போட்டுக் கதிரையில் இருப்பவர்களுக்கே தோதானது. இந்தக் காலைக் கொண்டு வயற் சேற்றில் வெறுங்காலுடன் நடக்கலாம், குந்தலாம், தரையில் சம்மணமிடலாம். தொழுகை விரிப்பில் அமர விரும்பும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய நிஃமத் என்று சொல்லவும் வேண்டுமா?

காத்திருப்பவர்களின் ஓட்டம்

ஓடியவர்களை உலகம் புகழ்கிறது. வீட்டில் காத்திருந்தவர்களை யார் கணக்கில் எடுத்தார்கள்? ப்ரொஸ்பெரியின் மனைவி செய்தியின்றிக் காத்திருந்தது பத்து நாள். நம் பிரதேசத்தில் 1990ஆம் ஆண்டின் வீதிகளில் போய்த் திரும்பாதவர்களின் மனைவிமார் காத்திருந்தது பத்து வருடமா, இருபது வருடமா? நம் மார்க்கச் சட்டத்தில் 'மஃப்கூத்' என்று காணாமற் போனவருக்கெனத் தனிப் பாடமே இருக்கிறது. அத்தகைய ஒருவரின் மனைவி நான்கு வருடம் காத்திருக்க வேண்டும் என்று கலீபா உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததை இமாம் மாலிக் பதிவு செய்கிறார்கள். காத்திருப்புக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள். இந்த நாட்டிலோ, காணாமற் போய் ஓராண்டு கடந்தவரின் மரணத்தைப் பதிய வழி செய்யும் சட்டமொன்று 2010இல் வந்தது. கணவர் இறந்து விட்டார் என்று எழுதிக் கையொப்பமிடப் பல பெண்களுக்கு மனம் வரவில்லை. 2016இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, 'காணப்படாமைச் சான்றிதழ்' பெறவும் வழி பிறந்தது.

இப்பெண்கள் கைத்தறியில் இருந்தார்கள், நெல் குற்றினார்கள், இடியப்பம் அவித்து விற்றார்கள், பிள்ளைகளை மத்ரஸாவுக்கும் பாடசாலைக்கும் அனுப்பினார்கள். அந்தக் கொடிய ஓகஸ்ட் இரவில் ஏறாவூரில் காயம்பட்டு உயிர் தப்பிய சிறுவர்கள், தழும்புகளுடனே வளர்ந்து குடும்பமாகினார்கள். இவர்களுக்கு முடிவுக் கோட்டில் பதக்கம் அணிவிக்க யாரும் நிற்கவில்லை. அளந்து கொடுத்த தண்ணீரும் இல்லை.

ஆகவே, உங்கள் அயலில் விழுந்து எழுந்த ஒருவர் இருந்தால் 'ஐயோ பாவம்' என்று சொல்லி விலகாதீர்கள். கால் இழந்தவருக்கு நடக்கப் பழகும் வரை தோள் கொடுங்கள். கணவர் திரும்பாத சகோதரிக்குப் பத்திரம் பதியும் கச்சேரிக்குத் துணையாகப் போங்கள். பாலைவனத்து மூதாட்டி கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. முதலில் பாலைக் கொடுத்தார். இரு கண்ணும் நலிந்த ஒருவரைத் தான் இப்னு பதூதாவின் கூட்டம் நம்பிப் பின்தொடர்ந்தது. காயப்பட்டவர்களுக்கு நாம் வழி காட்டுவதாக எண்ணுகிறோம். பாதை தெரிந்தவர்கள் பல வேளைகளில் அவர்களாகவே இருக்கிறார்கள்.