மிச்சத்தை நிறுத்துப் பார்க்கும் ஊர்

சியோல் நகரத்தில் ஹனுல் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. வானப் பூங்கா என்று பொருள். 291 படிகள் ஏறிப் போனால் மேலே பரந்த வெளி. ஆளை மறைக்கும் உயரத்துக்கு நாணற்புல். அக்டோபரில் அது பூத்து வெயிலில் மினுங்கும்போது ஊரே திரண்டு வந்து படம் எடுத்துக்கொள்கிறது. நான் போயிருந்ததும் அந்தச் சமயத்தில்தான். கீழே ஹான் ஆறு, அக்கரையில் வரிசை வரிசையாக அடுக்குமாடிகள். புல்லுக்கு நடுவே ஒரு குழாய் துருத்திக்கொண்டு நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

“அது கேஸ் குழாய், சித்தி. நாம நிக்கிறது குப்பை மேல” என்றான் அக்கா மகன்.

பழைய பெயர் நான்ஜிதோ. வேர்க்கடலை விளைந்த ஆற்றுத் தீவு அது. 1978இல் அங்கே ஊர்க் குப்பையைக் கொட்டத் தொடங்கினார்கள். 1993இல் நிறுத்தும்போது 9 கோடி டன்னுக்கும் மேல் சேர்ந்து, கிட்டத்தட்ட 100 மீட்டர் உயரத்தில் இரண்டு மலைகள் எழும்பிவிட்டன. குப்பை பொறுக்கிப் பிழைத்த குடும்பங்கள் அதன் மேலேயே குடியிருந்தன. பிறகு மண் போட்டு மூடி, கசியும் நீர் ஆற்றில் கலக்காமல் சுவர் எழுப்பி, உள்ளே ஊறும் மீத்தேன் வாயுவைக் குழாய் இறக்கி இழுத்து எரிபொருளாக்கி, 2002இல் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முன்பாகப் பூங்காவாகத் திறந்தார்கள். சென்னையில் பெருங்குடிக் குப்பைமேடு வழியாக மூக்கைப் பொத்திக்கொண்டு பேருந்தில் போன எனக்கு, குப்பை மலைமேல் பலூன் பிடித்துக்கொண்டு குழந்தைகள் ஓடுவதைப் பார்க்க நம்ப முடியவில்லை.

ஆனால் மூடிய குப்பையைவிட மூடாத பிரச்சினைதான் பெரிது. கொரியக் குப்பையை நாறவைத்தது பிளாஸ்டிக் இல்லை, சாப்பாடு. சூப்பும் கிம்ச்சியும் குழம்புமாகச் சாப்பிடுகிற நாடு; மிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். நான்ஜிதோவுக்குப் பதிலாக இன்சோன் பக்கம் திறந்த புதுக் கிடங்கிலும் இதே கதை. நாற்றமும் கசிவுநீரும் தாங்காமல் அந்த ஊர்க்காரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அரசாங்கம் நல்ல புத்தி வந்து திருந்தியது என்று எழுத எனக்கு மனமில்லை. குப்பை கொட்ட இடமில்லாமல் போனதால்தான் திருந்தினார்கள். 1995இல் குப்பைப் பைக்குக் காசு என்று ஆனது. 2005இல் உணவுக் கழிவை நேரடியாக மண்ணில் புதைக்கத் தடை. 2013இல் அதன் கழிவுநீரைக் கடலில் கொட்டவும் தடை. அதே ஆண்டில், எவ்வளவு போடுகிறாயோ அவ்வளவுக்குக் காசு என்று வீட்டுச் சாப்பாட்டு மிச்சத்துக்கும் விலை வைத்தார்கள். 1995இல் உணவுக் கழிவில் 2 சதவீதம்தான் மறுபடி பயன்பட்டது. இன்று 95 சதவீதத்துக்கும் மேல்.

விலை வைத்ததை அக்கா மகன் வீட்டிலேயே பார்த்தேன். குடியிருப்பின் வாசலில், சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், இடுப்பளவு உயரத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. அட்டையைக் காட்டினால் மூடி தானாகத் திறக்கிறது. கையிலிருக்கும் சின்ன வாளியைக் கவிழ்த்தால் மூடி சாத்திக்கொண்டு, இன்ன வீடு, இத்தனை கிராம், இத்தனை வொன் என்று திரையில் காட்டிவிட்டு, பெண் குரலில் ஏதோ சொல்கிறது. நன்றி சொல்கிறதாம். சியோலில் கிலோவுக்குச் சுமார் 130 வொன்; நம் கணக்கில் ஏழெட்டு ரூபாய். மாதக் கடைசியில் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்ந்து வந்துவிடும். இதற்காக யாரும் சொத்தை விற்க வேண்டியதில்லை. ஆனாலும் முந்தின நாள் சாம்பாரைக் கவிழ்க்கும்போது திரையில் எண் ஏறுவதைப் பார்த்தால் சுருக்கென்றுதான் இருக்கிறது. பின்னால் பக்கத்து வீட்டுப் பாட்டியும் வாளியோடு நின்றுகொண்டிருந்தால் இன்னும் சுருக்கென்று இருக்கிறது.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்பது தனிப் படிப்பு. அந்த மிச்சத்தில் பெரும்பகுதி தீவனமாகவும் உரமாகவும் போவதால், விலங்கு தின்னக்கூடியதுதான் உணவுக் கழிவு என்பது பொதுவான அளவுகோல். எலும்பு, முட்டை ஓடு, நண்டு ஓடு, சிப்பி, மாங்கொட்டை போன்ற கொட்டைகள், வெங்காயச் சருகு, பூண்டுத் தோல், தேயிலைச் சக்கை எல்லாம் சாதாரணக் குப்பைப் பைக்கு. தர்பூசணித் தோல் வாளிக்கு. குளிர்பதனப் பெட்டியின் கதவில் கொரிய மொழியில் ஒரு பட்டியல். அதன் ஓரத்தில் மருமகள் தமிழில் பேனாவால் எழுதிய இன்னொரு பட்டியல். ரசத்துக்குக் கரைத்த புளிச் சக்கையும் கறிவேப்பிலையும் அதில் உண்டு. முருங்கைக்காய் மட்டும் கேள்விக்குறியோடு நின்றது. உறைய வைத்த முருங்கைக்காயை எங்கோ தேடிப் பிடித்து, எனக்காகக் குழம்பு வைத்திருந்தாள். மென்று துப்பிய சக்கையை என்ன செய்வது?

“மாடு தின்னுமா சித்தி?”

“தின்னும்னுதான் நினைக்கிறேன்.”

“பன்னி?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசியில் நார் என்று தீர்ப்பாகிக் குப்பைப் பைக்குப் போனது.

பன்றிகளின் பாடும் மாறிவிட்டது. 2019 செப்டம்பரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அந்த நாட்டுக்குள் வந்ததும், மிச்சச் சாப்பாட்டைப் பன்றிக்குப் போடுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு வந்தது. தீவனத்துக்கும் உரத்துக்கும் உப்பு ஒரு தொல்லை. கிம்ச்சியும் சோயாக் குழம்பும் உப்பில்லாமல் ஏது? ஒரு பகுதி இப்போது சாண எரிவாயுபோல வாயுவாக்கப்படுகிறது. மறுபயன்பாடு 95 சதவீதம் என்று சொல்வது எளிது. அந்தப் பெட்டிக்கு அப்புறம் நடக்கிற கதை கொஞ்சம் சிக்கலானது.

பெட்டியின் மேல் எனக்கு வேறொரு குறையும் உண்டு. எடைக்குக் காசு என்றதும் மக்கள் முதலில் கற்றுக்கொண்டது தண்ணீரைப் பிழிய. தொட்டியின் துளையில் வலை, வலைக்குள் மிச்சம், அதைக் கையால் பிழிந்து, ஒரு ராத்திரி வடியவிட்டு, மறுநாள் வாளியில். சிலர் நாற்றம் வராமலிருக்க உறைபெட்டியில் வைத்துச் சேர்க்கிறார்கள். நாம் சாப்பிடுவதற்குப் பக்கத்திலா என்று அங்கேயே சண்டையும் நடக்கிறது. காயவைத்துத் தூளாக்க மின்கருவி விற்கிறார்கள். நல்ல பழக்கந்தான், லாரிக்குச் சுமை குறையும். ஆனால் பிழிவது மிச்சத்தைத்தானே. அதிகமாகச் சமைத்தவள் அதிகமாகத்தான் சமைக்கிறாள். எடை மட்டும் குறைகிறது.

அதிகமாகச் சமைப்பது கொரியர்களுக்கு மரியாதை. இதில் அவர்களுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசமில்லை. உணவகத்தில் ஒரே ஒரு சூப்பு கேட்டால் அதோடு ஐந்தாறு சின்னக் கிண்ணங்கள் வந்து இறங்குகின்றன. பஞ்சான் என்கிறார்கள்: கிம்ச்சி, முளைகட்டிய பயறு, கீரை, மீன் அடை, முள்ளங்கி. தீரத் தீர இலவசமாக மறுபடி வரும். மேசை நிறையாவிட்டால் வந்தவரை அவமதித்த மாதிரி. எல்லாக் கிண்ணத்தையும் காலி செய்வது பகாசுரனால்தான் ஆகும்.

தொடாத கிண்ணத்தை அடுத்த மேசைக்கு வைத்தால் என்ன? வைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2009இல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். எச்சில் விஷயம், தடுத்தது சரி. ஆனால் அன்றிலிருந்து தொடாத கிண்ணமும் வாளிக்குத்தான். சட்டத்தில் சின்ன விலக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், அதைப் படித்துச் சிரித்தேன்: கழுவி எடுக்கக்கூடிய முழு லெட்டூஸ் இலை, முழு மிளகாய், தோலுரிக்காத பூண்டு மாதிரியானவற்றைத் திரும்ப வைக்கலாமாம். பல கடைகளில் இப்போது பஞ்சானை ஒரு பக்கமாக வைத்து, வேண்டியதை நீயே எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். நான் பார்த்த ஒரு கடையில் இடுக்கியோடு நின்ற கல்லூரிப் பையன் மூன்று துண்டு முள்ளங்கி எடுத்து, யோசித்து, ஒன்றைத் தோழியின் தட்டுக்கு மாற்றினான். சர்வர் கொண்டுவந்து வைத்திருந்தால் ஒரு கிண்ணம் நிறைய இருந்திருக்கும்.

பழைய தலைமுறை வீட்டில் இதையெல்லாம் சட்டம் வைத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. முள்ளங்கியின் தழையைக் கயிற்றில் தொங்கவிட்டுக் காயவைத்துக் குளிர்காலச் சூப்புக்கு எடுப்பார்கள். அதன் பெயர் சிரேகி. சந்தையில் ஒரு கிழவி அதைக் கட்டுக் கட்டாக விற்றுக்கொண்டிருந்தார், நாம் தூக்கிப் போடும் தழையைக் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள். சோற்றுப் பானையின் அடியில் பிடித்த காந்தலில் வெந்நீர் ஊற்றிச் சாப்பாட்டின் கடைசியில் குடிப்பது சுங்ன்யுங். எங்கள் ஆத்தா காலத்து நீராகாரத்தின் சூடான தங்கை.

இந்தப் பயணத்தில் என்னை உட்காரவைத்து யோசிக்கச் செய்தது புகான்சான் மலையடிவாரத்தில் ஒரு பௌத்த மடம். கொரிய மடங்களில் வெளியார் தங்கிப் பார்க்கும் ஏற்பாடு 2002 உலகக் கோப்பை சமயத்தில்தான் தொடங்கியதாம். நம் மணிமேகலையின் கையில் இருந்த பாத்திரம் அள்ள அள்ளக் குறையாதது. இங்கே அதே பிட்சைப் பாத்திரத்துக்கு நேர்மாறான விதி: ஒரு பருக்கை மிஞ்சக் கூடாது.

பாரு கொங்யாங் என்று அந்தச் சாப்பாட்டுக்குப் பெயர். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய நான்கு மரக் கிண்ணங்கள், துணியில் கட்டியது. சோற்றுக்கு, சூப்புக்கு, கறிக்கு, தண்ணீருக்கு. மூங்கில் கட்டையைத் தட்டும் ஒலிதான் கட்டளை, பேச்சில்லை. முதலில் தண்ணீர் வரும், அதில் கிண்ணங்களை அலசி, அந்தத் தண்ணீரைக் கடைசிக் கிண்ணத்தில் எடுத்து வைக்க வேண்டும். பிறகு சோற்று வாளி. இங்கேதான் விஷயம். யாரும் பரிமாறிக் குவிப்பதில்லை. உன் வயிற்றுக்கு எவ்வளவு என்று நீதான் தீர்மானிக்க வேண்டும். சின்ன பிக்குணி ஒருவர் தனக்கு இட்ட சோற்றை ஒரு கணம் பார்த்துவிட்டு, கால்வாசியை வாளிக்கே திருப்பினார். இன்னும் வாய்வைக்காததால் அதில் எச்சில் தோஷம் இல்லை.

கறியில் ஒரு துண்டு கிம்ச்சியைச் சூப்பில் அலசி ஓரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஏன் என்று கடைசியில்தான் புரிந்தது. சாப்பிட்டு முடித்ததும் காந்தல் வெந்நீர் வரும். அந்தக் கிம்ச்சித் துண்டைச் சாப்ஸ்டிக்கில் பிடித்து, அதனால் சோற்றுக் கிண்ணத்தைத் தேய்த்து, அதே நீரைச் சூப்புக் கிண்ணத்துக்கு ஊற்றித் தேய்த்து, கறிக் கிண்ணத்துக்கு ஊற்றித் தேய்த்து, கடைசியில் அந்த நீரைக் குடித்துவிட்டுத் துண்டையும் தின்றுவிட வேண்டும். எனக்குப் பக்கத்திலிருந்த ஐரோப்பியப் பெண் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நமக்கென்ன, ரசம் சாப்பிட்ட தட்டில் மோர் ஊற்றிக் குடிக்கிற ஜாதி. பிறகு முதலில் எடுத்துவைத்த தெளிந்த நீரால் ஒரு முறை கழுவி, அதைப் பொது வாளியில் ஊற்ற வேண்டும். மூத்த பிக்குணி வாளியைக் கொண்டுவந்து ஒவ்வொருவர் முன்னும் குனிந்து பார்க்கிறார். மிளகாய்த் தூள் ஒரு துணுக்கு மிதந்தாலும் போச்சு; அந்த வாளி நீரை எல்லாரும் பகிர்ந்து குடிக்க வேண்டும் என்பது பழைய வழக்கம். தெளிவாக இருந்தால் அந்த நீர் பசிப் பேய்களுக்குப் போகிறதாம். அவற்றுக்கு மலை மாதிரி வயிறு, ஊசித்துளை மாதிரி தொண்டை. ஒரு துணுக்கு இருந்தால் அடைத்துக்கொள்ளும்.

எங்கள் வாளி தப்பியது. நாங்கள் பயந்த பயத்தில் தப்பாமல் என்ன செய்யும்?

பேயை நம்பாதவர்களுக்கும் இதில் கணக்கு புரியும். குடியிருப்பு வாசல் பெட்டி, கொட்டும்போது நிறுக்கிறது. மடத்தில் நிறுப்பது சோறு வாய்க்குப் போகும்முன். முன்னதற்குக் காசும் மின்சாரமும் அட்டையும் வேண்டும். பின்னதற்கு வேண்டியது நம்மிடம் இல்லாத ஒன்று: இவ்வளவு போதும் என்று பந்தியில் சொல்லும் துணிச்சல். நம் கல்யாணத்தில் இலையில் கையை விரித்து மறைத்தாலும், விரலிடுக்கு வழியாக இன்னொரு ஜாங்கிரி விழும். விழாவிட்டால், சரியாகக் கவனிக்கவில்லை என்று பெண் வீட்டார் மேல் பழி. கொரியத் தாய்மாரும் இதே வம்சம்தான். சாப்பிட்டாயிற்றா என்பதே அங்கே நலம் விசாரிப்பு. இப்படி இரண்டு பக்கமும் உபசாரம் தலைக்கேறிய நாம், எண்ணிச் சமைப்பதைக் கஞ்சத்தனம் என்று நினைக்கிறோம்.

அன்று இரவு வீடு திரும்பி இதையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அரிசியை அளந்துகொண்டிருந்தவள் படியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்ப நேராவே கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க சித்தி. நாளன்னிக்குக் காலையில எத்தனை தோசை சாப்பிடுவீங்க?”

வந்த இடத்தில் தோசையை எண்ணிக் கேட்டார்கள் என்று ஊரில் சொன்னால் அக்காவுக்குத் தலைகுனிவு. மூன்று என்றேன். இரண்டு ஆழாக்கு அரிசியைத் திருப்பிப் பையில் கொட்டினாள்.

“சட்னி?” என்றான் உள்ளேயிருந்து அக்கா மகன்.